தண்ணீருக்கும் சாட்சி வேண்டும்



கோடை வந்தால் நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும்: "தண்ணி உப்புக் கரிக்குது." கடல்நீர் ஏறிவிட்டது என்பார் ஒருவர், மேலே யாரோ கழிவை விட்டார்கள் என்பார் இன்னொருவர். போன வருடம் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. மனுவோடு அலுவலகத்துக்குப் போகும்போதும் வாய்ச்சொல் ஒன்றே கையில் இருக்கிறது.

நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்று நஜீஸால் மாறினால் அந்தத் தண்ணீரில் ஒளு செய்யக்கூடாது என்று மதரஸாவில் படித்தோம். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆனால் குடிநீரைக் கெடுக்கும் எல்லாமே கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிவதில்லை. அதற்குத்தான் பரிசோதனை.

நம் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. மேலிருந்து நீர்வரத்து குறையும் மாதங்களில் கடல் ஏற்றத்தோடு உப்புநீர் ஆற்றுக்குள் ஏறி வரும். பேனா அளவுள்ள டி.டி.எஸ். மீட்டரை நீரில் நனைத்தால் கரைந்துள்ள உப்புகளின் அளவு தெரியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை.

மனிதக் கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஹெச்2எஸ் குப்பி இருக்கிறது. 1982இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய முறை இது. நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைத்தால், கழிவு கலந்த நீர் கறுத்துவிடும். அந்த நீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றியே குடிக்க வேண்டும்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்கவும். உப்பும் நைட்ரேட்டும் கொதிக்க வைத்தால் போகாது. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டிய நீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கக்கூடாது.

சாதாரண மக்களால் இது முடியுமா? நம் மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. கடலூர் சிப்காட்டை ஒட்டிய கிராமத்து மக்கள் 2004இல் கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். நாற்றம் வீசிய நாளையும் நேரத்தையும் குறித்தார்கள். வாளிக்குள் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் இரசாயனங்களும் அதில் இருந்தது தெரியவந்தது. அதுவரை "நாத்தம் அடிக்குது" என்றிருந்த புகார், அதன்பின் ஆவணமானது. அவர்கள் காற்றுக்குச் செய்ததை நாம் தண்ணீருக்குச் செய்யலாம். ஜல் ஜீவன் திட்டமும் கிராமத்துக்கு ஐந்து பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்தப் பயிற்சியை அளிக்கச் சொல்கிறது.

எனவே, ஆற்றங்கரை, வாய்க்கால், பள்ளிவாசல் ஹவுள், வீட்டுக் கிணறு என இடங்களைக் குறித்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில் அதே நேரத்தில் நீர் எடுக்க எண்ணியுள்ளோம். தேதி, கடல் ஏற்றமா வற்றமா, மழை பெய்ததா, எடுத்தவர் யார் என்பதெல்லாம் நோட்டில் ஏறும். நல்ல அளவு வந்தாலும் எழுத வேண்டும், கெட்ட அளவு வந்தாலும் எழுத வேண்டும். சாட்சியத்தில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, அது அமானத்.

நம் கருவிகள் பூச்சிமருந்தையும் ஈயம் போன்ற உலோகங்களையும் காட்டா. சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்புவோம். முடிவு வரும்வரை யார் மீதும் பழி சொல்ல மாட்டோம். வாட்ஸ்அப்பிலும் பரப்ப மாட்டோம். தீர விசாரிக்காத செய்தியை நம்பி ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்து விடாதீர்கள் என்பது மார்க்கத்தின் எச்சரிக்கை.

மாதம் ஒரு மணி நேரம் தரக்கூடிய வாலிபர்களும் சகோதரிகளும் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஆறு நமக்கு மட்டும் உரியதல்ல. கரையில் வாழும் எல்லா மக்களுக்கும் உரியது. இதன் பலனும் எல்லோருக்கும் சேரட்டும். அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.