நஞ்சுக்கொடி போன பிறகும்

கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரை நோய் மிக விசித்திரமாக மறையும். மாதக் கணக்கில் விரலைக் குத்திப் பார்த்து, சோற்றை அளந்து தின்ற தாய்க்கு, பிள்ளை பிறந்த சில நாளிலேயே எண்கள் சரியாகிவிடுகின்றன. லண்டன் லூயிஷாமில் பெற்றாலும் சென்னை எழும்பூரில் பெற்றாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

காரணம் நஞ்சுக்கொடி. பிள்ளைக்குக் குளுக்கோஸ் தடையில்லாமல் போகவேண்டும் என்று, தாயின் உடல் இன்சுலினுக்கு எளிதில் மசியாதபடி செய்யும் ஹார்மோன்களை அது சுரக்கிறது. கணையம் அதற்கு ஈடாக இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்தாக வேண்டும். பலருக்கு முடிகிறது, சிலருக்கு முடிவதில்லை. பிரசவத்தோடு நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்தப் பாரம் இறங்கிவிடும். ஆனால் திணறிய கணையம் அதேதான். லூயிஷாம் கடைத்தெருவில் ஒழுங்காக ஓடும் பஸ் பெல்மாண்ட் ஹில் ஏற்றத்தில் இரைந்தால், பழுது ஏற்றத்திலா இருக்கிறது?

20 ஆய்வுகளையும் 13 லட்சம் பெண்களையும் சேர்த்துப் பார்த்து, 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கணக்கு இது: கர்ப்ப காலச் சர்க்கரை கண்ட தாய்க்கு, காணாதவரைவிடப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 10 மடங்கு. இன்சுலின் எதிர்ப்பு தெற்காசியரிடம் பொதுவாகவே கூடுதல். நம் பெண்கள் மெலிந்திருப்பதை நம்பிச் சும்மா இருக்க முடியாது.

தடுக்க முடியுமா? முடியும். ஆனால் எப்போது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்காளதேசத்தில் பிரசவம் முடிந்து அதிக நாளாகாத 1,600 தாய்மாரிடம் உணவு, உடற்பயிற்சித் திட்டம் ஒன்றை ஓராண்டு நடத்திப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவில் பலன் தெரியவில்லை. எனக்கு வியப்பில்லை. இரவெல்லாம் பால் கொடுப்பவளிடம் தினமும் வேகமாக நட என்றால் எப்படி நடப்பாள்? அமெரிக்காவின் பெரிய தடுப்பு ஆய்விலோ, கர்ப்ப காலச் சர்க்கரை வந்து சராசரியாக 12 ஆண்டு கழிந்த, சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்த பெண்கள் இருந்தார்கள். வாழ்க்கைமுறை மாற்றம் அவர்களுடைய ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வும், எல்லைக்கோட்டில் நிற்கும் இந்தியரிடம் நடையும் உணவு மாற்றமும் நீரிழிவை 28.5 சதவீதம் குறைத்ததைக் காட்டியது.

ஆகவே கைக்குழந்தைக்காரிகளோடு, பிள்ளை செகண்டரி ஸ்கூலுக்குப் போய்விட்ட தாய்மாரையும்தான் நான் தேடுகிறேன். அந்தக் காலத்துச் சர்க்கரையை அநேகமாக மறந்தே போனவர்கள் அவர்கள். கிளாரண்டன் ரைஸ் சிவன் கோயிலில் பூசை முடிந்து பேசிக்கொண்டு நிற்கிற கூட்டத்திலும் இப்படிச் சிலர் இருக்கக்கூடும்.

என்.எச்.எஸ். நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 2016 முதல் இங்கிலாந்தில் நடக்கிறது. இலவசம், ஒன்பது மாதம். நேரில் குழுவாகவும் சேரலாம், போன் வழியாகவும் சேரலாம். மற்றவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சற்று உயர்ந்திருந்தால்தான் இடம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்களுக்கோ இப்போதைய அளவு சரியாக இருந்தாலும் இடம் உண்டு. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

பச்சைக் குழந்தை கையில் இருந்தால், பிரசவமாகி 6 முதல் 13 வாரத்துக்குள் வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை. அதன்பின் ஆண்டுக்கொரு முறை எச்பிஏ1சி என்னும் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. பிள்ளை வளர்ந்துவிட்டதென்றால், நாளைக் காலையே ஜிபிக்குப் போன் போடுங்கள். "வயிற்றுப்பிள்ளையோடு இருந்தபோது எனக்குச் சர்க்கரை இருந்தது, தடுப்புத் திட்டத்துக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அக்கா, தங்கை, மச்சாள் யாருக்காவது வந்திருந்தால் அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள்.