பாசி மேயும் மீன்கள்

பிறந்த ஊரைவிட்டு வெளிமாநில நகரங்களில் வாழும் நம்மவர் வீடுகளில் தோட்டத்துக்கு இடம் ஏது? மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். அவற்றின் ஒரு மூலையில் நீர்ச்செடிகள் வளர்த்த கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தால் அதுவே தோட்டமும் குளமும் ஆகிவிடுகிறது. ஆயின், தொட்டியை அமைத்த சில வாரங்களிலேயே கண்ணாடியிலும் இலைகளிலும் பாசி படர்கிறது. நீர்ச்செடிகள் சிலவற்றையும் நம் ஊர்களில் பாசி என்றே வழங்குவதுண்டு. நாம் இங்கே குறிப்பிடுவது, வேரும் இலையுமின்றி வழுவழுப்பாகவும் நூல்நூலாகவும் படியும் பாசியையே. அது இலையை மூடிக்கொண்டால் செடிக்கு வெளிச்சம் எட்டாது. நாளடைவில் செடி நலியும். பாசியைத் தின்னவேண்டும், செடியைத் தொடலாகாது; இவ்விரண்டும் பொருந்திய மீன்கள் எவை என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கொல்கத்தாவில் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் செல்லப்பிராணிச் சந்தை கூடுகிறது. அந்நகரத்தில் குடியிருந்த நாளில், தொட்டியைத் துடைத்துவைக்கும் மீன் என்று கேள்விப்பட்டு, இரண்டு அங்குல நீளமுள்ள சக்கர் மீன் ஒன்றை நாங்களும் வாங்கினோம். முதல் இரு மாதங்கள் கண்ணாடி பளிச்சென்றிருந்தது. ஓராண்டில் மீன் ஒரு சாணுக்கு வளர்ந்துவிட்டது. இரவெல்லாம் மணலைக் கிளறிச் செடிகளை வேரோடு பெயர்த்தது. அமேசான் வாள்செடியின் அகன்ற இலைகளைச் சுரண்டிச் சல்லடையாக்கியது. தென் அமெரிக்க ஆறுகளுக்கு உரிய இம்மீன் ஒன்றரை அடிக்குக் குறையாமல் வளரவல்லது என்பதைப் பின்னரே அறிந்தோம். இது செடித் தொட்டிக்கு ஏற்றதன்று.

சீனப் பாசிதின்னி என்ற பெயரில் விற்கப்படும் மீனும் அத்தகையதே. அது இளமையில் பாசியை மேயும்; வளர்ந்தபின் பாசியை மறந்து, தட்டையான உடலுள்ள பிற மீன்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றின் மேற்படலத்தை உறிஞ்சும். பொன்னிற வகையும் உண்டு. நிறத்தைக் கண்டு மயங்கலாகாது.

இனி, ஏற்ற மீன்களைக் காண்போம். இரண்டடி நீளமுள்ள சிறு தொட்டிக்குத் தக்கது ஓட்டோசிங்க்ளஸ் என்னும் குட்டி மீன். இரண்டங்குலத்துக்கு மேல் வளராது. புதுத் தொட்டிகளில் தோன்றும் பழுப்புப் பாசியையும் இலைமேல் படியும் மெல்லிய பச்சைப் பாசியையும் இலைக்கு ஊறின்றி மேயும். கூட்டமாக வாழ்வது, ஆகவே ஐந்தாறாக வாங்கவேண்டும். தொட்டி அமைத்து இரண்டு மாதமேனும் கழிந்த பிறகே விடவேண்டும். பாசி பழகாத புதுநீரில் பட்டினியால் மடிந்துவிடும்.

இலை ஓரங்களில் கருந்தாடிபோல் தொங்கும் பாசியை விரும்பித் தின்னும் மீன்கள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது சயாம் பாசிதின்னி. ஆறு அங்குலம்வரை வளர்வதால் நான்கடித் தொட்டி வேண்டும். இதைப்போலவே தோற்றமளிக்கும் வேறு மீன்களும் இப்பெயரில் விற்பனையாகின்றன. ஆகையால் அடையாளம் அறிதல் அவசியம். மூக்கிலிருந்து செல்லும் கரும்பட்டை வால்துடுப்பின் பிளவுவரை நீளவேண்டும். துடுப்புகள் நிறமின்றித் தெளிவாக இருக்கவேண்டும். பட்டைக்கு மேலே பொன்னிறக் கோடு தெளிவாக ஓடினால் அது 'பறக்கும் நரி' என்னும் வேறு மீன். வளர்ந்தபின் அது மற்ற மீன்களைத் துரத்தும். சயாம் பாசிதின்னிக்கும் ஒரு குறையுண்டு: தூவும் இரை மிகுந்தால் பாசியை நாடாது.

நீர் கடினமாக உள்ள நகரங்களில் எளிதில் கிடைக்கும் மோலி மீன் போதும். அது நூல்பாசியை ஓயாது கொத்தித் தின்னும். முகத்தில் முள்மீசை கொண்ட சிறு சக்கர் வகை ஒன்றும் உண்டு, ஐந்தங்குலத்தோடு நின்றுவிடும். தொட்டியில் மரத்துண்டு ஒன்றும், வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டும் இருந்தால் செடிகளைப் பெரும்பாலும் நாடாது.

எம்மீனும் தின்னாத பாசியும் உண்டு. நீலப்பச்சைப் படலமாகப் பரவித் துர்நாற்றம் வீசுவது, உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. அதைக் குழாயால் உறிஞ்சி அகற்றுவதே வழி. பொதுவாகவே, பாசிக்குக் காரணம் மிகுந்த வெளிச்சமும் மிகுந்த இரையுமே. விளக்கை நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் மட்டும் எரியவிட்டு, வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றிவந்தால் மீனின் வேலை பாதியாகக் குறையும்.

எங்கள் சக்கர் மீனுக்கு வருவோம். வளர்ந்துவிட்ட அதை ஏரியில் விட்டுவிடும்படி அயலார் யோசனை கூறினர். அவ்வாறு பலரும் விட்டதன் விளைவைக் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களில் காணலாம். ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்நிலங்கள் 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. நகரத்தின் கழிவுநீரைக் கொண்டே அங்கு மீன் வளர்த்து, பலர் பிழைக்கின்றனர். இன்று அவர்கள் வலையில் சக்கர் மீன் ஏறுகிறது. அதன் முள்ளுடல் வலையைக் கிழிக்கிறது, கெண்டைக் குஞ்சுகளின் இரையை அது பங்குபோடுகிறது, சந்தையில் விலைபோவதுமில்லை. தமிழகத்து நீர்நிலைகளிலும் இம்மீன் புகுந்துள்ளது.

ஆதலின் நாங்கள் அதைப் பெரிய தொட்டியுள்ள நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அத்தகைய நண்பர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனவே, அன்பர்களே, அடுத்தமுறை கடைக்குச் செல்லும்போது மீனின் விலையைக் கேட்குமுன், அது எவ்வளவு வளரும் என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாத கடையில் அம்மீனை வாங்காதிருப்பதே நன்று.