பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

ஏதென்சு நகரத்துச் சிறையிலே, கி.மு. 399ஆம் ஆண்டிலே, அறிவுலகப் பெரியார் சாக்ரடீசு கையிலே ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பையிலே நஞ்சு! கொடுத்தவனுக்கும் தெரியும், குடிக்கப் போகிறவருக்கும் தெரியும். அப்போதும் அந்தக் கிழவர் கேட்டார்: "இதை எப்படி அருந்த வேண்டும்? அருந்தியபின் என்ன செய்ய வேண்டும்?" காவலன் சொன்னான்: குடித்துவிட்டு நடக்க வேண்டும், கால் கனத்ததும் படுத்துக்கொள்ள வேண்டும் என்று. வேண்டிய அளவுதான் கலந்திருக்கிறோம் என்றும் சொன்னான்.

பார்த்தீர்களா விந்தையை! சாகப் போகிறவர் கேட்டார். சாகடிக்க வந்தவன் விளக்கம் சொன்னான். நஞ்சுக்குக்கூட அளவு சொன்னார்கள், முறை சொன்னார்கள்!

இனி, ஏதென்சை விட்டு நம் உசிலம்பட்டிக்கு வருவோம்.

பேருந்து நிலையத்தருகே ஒரு மாலை நேரம். தேனிக்குப் போகும் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. பகலெல்லாம் கல் சுமந்து, மண் சுமந்து, காய்ந்த தொண்டையும் கனக்கும் தலையுமாக ஒரு தோழர் மருந்துக் கடை முன்னே வந்து நிற்கிறார்.

"அண்ணே, காய்ச்சலும் ஒடம்பு வலியுமா இருக்கு. ரெண்டு வேளைக்குப் போட்டுக் குடுங்கண்ணே."

கத்தரிக்கோல் பேசுகிறது. வெள்ளையிலே ஒன்று, மஞ்சளிலே ஒன்று, சிவப்பிலே ஒன்று, பொடி மாத்திரை ஒன்று. காகிதத்திலே மடித்து, "சாப்பிட்டுட்டுப் போடு" என்ற இரண்டு சொல்லோடு பொட்டலம் கை மாறுகிறது. என்ன மருந்து? கொடுத்தவர் சொல்லவில்லை. எதற்கு? வாங்கியவர் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்திலே வியாபாரம் முடிந்தது.

ஏதோ ஒரு கடையைக் குறித்து நாம் சாடுவதாக எண்ணிவிட வேண்டாம். ஊர்தோறும் தெருத்தோறும் நடக்கும் கதை இது. நேர்மையோடு கடை நடத்துவோரும் உண்டு, சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்புவோரும் உண்டு. அவர்களை நம்மவர் என்ன சொல்கிறார்கள்? "அந்தக் கடைக்காரன் கிராக்கி பண்ணுறான்!" என்று. தோழர்களே, இது கொடுமை அல்லவா? நம் உயிரைக் காக்க மறுப்புச் சொன்னவன் பகைவனாம்! நாலு மாத்திரையை நறுக்கிப் போட்டவன் நண்பனாம்!

பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்போம். உள்ளே இருக்கக்கூடியவை எவை?

பெரும்பாலும் ஒன்று பாராசிட்டமால். காய்ச்சலுக்கு நல்ல மருந்து. ஆனால் எல்லை உண்டு. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பதே மேல்வரம்பு. அது எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல, தாண்டக் கூடாத எல்லை! ஈரல் கெட்டவருக்கும் குடிப்பழக்கம் உள்ளவருக்கும் அந்த எல்லை இன்னும் குறுகும். சளி மாத்திரைகள் பலவற்றின் உள்ளேயும் இதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. பெயர் தெரியாமல் காய்ச்சலுக்கு ஒன்றும் சளிக்கு ஒன்றும் விழுங்குகிறவர், ஒரே மருந்தை இரண்டு முறை விழுங்குகிறார். தாங்கவேண்டியது யார்? ஈரல்!

மற்றொன்று டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை. மூட்டை தூக்கும் தோழருக்கு இது இரண்டாவது சோறாகவே ஆகிவிட்டது. காலையிலே ஒன்று போட்டால்தான் வேலை ஓடும் என்கிறார். வலி ஓடுகிறது, உண்மை. கூடவே வயிற்றின் உட்சுவர் புண்ணாகிறது, சிறுநீரகம் சிறுகச் சிறுகச் சேதமாகிறது. வெயிலிலே வியர்வை கொட்டி, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற உடலுக்கு அந்தச் சேதம் விரைந்து வரும். அதிலும் டெங்குக் காய்ச்சலாக இருந்தால்? இரத்தக் கசிவுக்கு வழி திறந்துவிடும் மாத்திரை இது! டெங்கு என்ற ஐயம் இருக்கும்போது ஆஸ்பிரினும் வேண்டாம், ஐபுபுரூஃபெனும் வேண்டாம், டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம். காய்ச்சலைத் தணிக்கப் பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், உடனே இரத்தப் பரிசோதனை. இதுவே முறை.

மூன்றாவது, சளிக்கும் அரிப்புக்கும் தரும் செட்டிரிசின், குளோர்பெனிரமின் வகை. தூக்கம் வரவழைக்கும். படுக்கப் போகிறவருக்குச் சரி. இரவு முழுதும் லாரி ஓட்டி ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்ட வேண்டிய தோழருக்கு? அறுவை இயந்திரத்தின் முன் நிற்கிறவருக்கு? அந்தச் சின்ன மாத்திரை ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும்.

நான்காவது, அந்தப் பொடி மாத்திரை. சில பொட்டலங்களிலே அது டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டாக இருக்கும். உயிர் காக்கும் மருந்துதான், மருத்துவர் கண்காணிப்பிலே! மாயம்போல் வலியும் வீக்கமும் வடியும். "அந்தக் கடை மருந்து கைகண்ட மருந்து" என்று ஊர் புகழும். மாதக்கணக்கிலே தின்றால் முகம் ஊதும், எலும்பு உளுக்கும், சர்க்கரை ஏறும், நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். நெடுநாள் தின்றுவிட்டுத் திடீரென நிறுத்தினாலோ உயிருக்கே உலை!

ஐந்தாவதைத்தான் நாம் தனியே சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் என்னும் கிருமிக்கொல்லி!

1928ஆம் ஆண்டு இலண்டனிலே அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். 1945இல் நோபல் பரிசு பெற்றார். பரிசு பெற்ற மேடையிலே, புகழ்மாலை சூடிய அந்த வேளையிலே, அவர் என்ன சொன்னார் தெரியுமா? எச்சரித்தார்! நாளை இந்த மருந்து கடையிலே எவருக்கும் கிடைக்கும் காலம் வரலாம், அப்போது விவரம் அறியாதவர் குறைந்த அளவு தின்று, கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடுவார் என்று சொன்னார். நம் ஊர்க் கடை முன் நிற்கும் "ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்ற குரல், எண்பது ஆண்டுக்கு முன்பே அவர் காதிலே விழுந்துவிட்டது போலும்!

அரைகுறையாக அடிபட்ட பாம்பு திரும்பக் கடிக்கும் என்பது நம் பாட்டி அறிந்த பாடம். கிருமியும் அப்படியே. மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019ஆம் ஆண்டு ஒன்றிலே மட்டும் உலகில் சுமார் 12.7 இலட்சம் பேர் மாண்டனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டனர். சாதாரணச் சளிக் காய்ச்சல் வைரசால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் எள்ளளவும் உதவாது. உதவாத இடத்திலே வீசிய வாள், வேண்டிய நேரத்திலே மழுங்கிப் போய்க் கிடக்கும்.

"முழுதும் தின்றால் என்ன நன்மை?" என்று கேட்போர்க்குத் தமிழ்நாடே சாட்சி சொல்லும். 1956இல் சென்னையிலே காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. காசநோயாளியை மருத்துவமனையிலே மாதக்கணக்கிலே படுக்கவைத்து, பாலும் முட்டையும் கொடுத்தால்தான் பிழைப்பான் என்று உலகமே நம்பிய காலம் அது. சென்னையின் ஏழை எளியவர்களிலே ஒரு பகுதியினரை மருத்துவமனையிலும், மறு பகுதியினரை அவர்கள் வீட்டிலேயும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். 1959இல் முடிவு வந்தது. குடிசையிலே இருந்தவனும் குணமானான்! கூழ் குடித்தவனும் குணமானான்! மாளிகை வேண்டியதில்லை, மருந்தை முறையாக, முழுதாகத் தின்றால் போதும் என்று சென்னைச் சேரி மக்கள் உலகத்துக்குப் பாடம் நடத்தினர். உலகம் வைத்தியமுறையை மாற்றிக்கொண்டது. இன்றும் காசநோய்க்கு அரசு மருந்து இலவசம். பொதுவாக ஆறு மாதம் தின்ன வேண்டும். இரண்டு மாதத்திலே இருமல் நின்றதும் மருந்தை நிறுத்துகிறாரே நம் தோழர், அவர் அந்த ஏழைகள் தந்த வெற்றியைக் காலால் மிதிக்கிறார்.

இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளும் அப்படித்தான். "அளவு இறங்கிருச்சு, நிறுத்திட்டேன்" என்பார்கள். இறங்கியது எதனால்? மாத்திரையால்! தூண் தாங்குவதால்தானே கூரை நிற்கிறது? கூரைதான் நிற்கிறதே என்று தூணைப் பிடுங்குவாரா?

இனி, பொட்டலத்தின் மற்றொரு கேட்டைச் சொல்கிறோம். 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவிலே, இருமல் மருந்து குடித்த பிஞ்சுகள் இருபதுக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. அந்த மருந்து எங்கே செய்தது? நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலே! கோல்ட்ரிஃப் என்ற அந்தச் சிரப்பைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் சோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது தெரிந்தது. இனிப்பிலே கலந்த எமன்! ஆலையின் உரிமம் பறிக்கப்பட்டது. ஆனால் போன உயிர்? குற்றம் ஆலையிலே, காவல் காக்கத் தவறிய முறையிலே, பெற்றோரிடம் இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் புட்டி நஞ்சு என்று காட்டிக்கொடுத்தது எது? அதன்மேல் அச்சிட்ட தொகுதி எண்! அந்த எண் இருந்ததால்தான் கடைகளிலிருந்து அதைத் தேடிப் பிடித்துத் தடுக்க முடிந்தது. காகிதப் பொட்டலத்திலே எண் ஏது? நாளை ஒரு மாத்திரை நஞ்சு என்று அரசு அறிவித்தால், பொட்டலம் வாங்கியவர் எதை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்?

குழந்தைக்கு மருந்து என்றால் இன்னும் நூறு மடங்கு கவனம் வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து தரலாகாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகவே பரிந்துரைப்பதில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய அரசு நினைவூட்டியது. வீட்டுக் கரண்டியால் அளக்க வேண்டாம், புட்டியோடு வரும் அளவு மூடியால் அளக்க வேண்டும். அண்ணனுக்கு எழுதியது தம்பிக்கு ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் இருக்கிறது. ஆன்டிபயாடிக் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. அவற்றிலே முக்கியமான சிலவற்றை எச்1 என்ற பட்டியலிலே சேர்த்து, யார் எழுதினார், யார் வாங்கினார், எவ்வளவு என்று கடையிலே தனிப் பதிவேடு வைத்து மூன்றாண்டு காக்க வேண்டும் என்று 2013இல் விதி செய்தனர். 1948ஆம் ஆண்டு பார்மசிச் சட்டப்படி, சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துத் தர வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். மருந்தை விளக்கிச் சொல்வதும் அவர் கடமை என்று 2015ஆம் ஆண்டு விதிமுறை உரைக்கிறது. ஆகவே, நீங்கள் கேட்பது தயவு அல்ல. உரிமை! அவர் சொல்வது சலுகை அல்ல. கடமை!

அட்டையிலே எழுத்தோ ஆங்கிலம், அதுவும் எறும்பு ஊர்ந்ததுபோல. நம் தாய்மார்கள் எப்படிப் படிப்பார்கள்? படிக்கத் தெரியாதவரும் பார்க்கத்தக்க அடையாளம் ஒன்று உண்டு. அட்டையின் ஓரத்திலே நெடுக ஒரு சிவப்புக் கோடு! அந்தக் கோடு இருந்தால், மருத்துவர் சொல்லாமல் தொடாதே என்று பொருள். சாலையிலே சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்கிறோமே, இங்கேயும் நிற்போம்.

"டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போகுமே" என்பீர்கள். உண்மை. மறுக்கவில்லை. உழைப்பாளி ஓய்ந்திருக்கும் நேரத்திலே மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று கேட்போம், குரல் கொடுப்போம். ஆனால் அரை நாள் கூலியை மிச்சம் பிடித்து, சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலே நாள் கணக்கிலே காத்துக் கிடப்பது எந்தக் கணக்கிலே இலாபம்? உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலே மருந்துக்குக் காசில்லை. அங்கே தரும் மாத்திரைக்குப் பகட்டுப் பெயர் இல்லை, மருந்தின் பெயரே பெயர். விலை இல்லாததால் வீரியம் இல்லை என்று நினைப்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். "ஊசி போட்டால்தான் தீரும்" என்பதும் அதன் உடன்பிறப்பே! தாயத்தைக் கழற்றி எறிந்தவன், பெயர் தெரியாத மாத்திரையைக் கண்மூடி விழுங்கினால், கழற்றியது கயிற்றைத்தான், மூடத்தனத்தை அல்ல.

எனவே தோழர்களே, கேட்க வேண்டியவை நான்கே நான்கு. இதன் பெயர் என்ன? எதற்காக? எத்தனை, எப்போது, எத்தனை நாள்? எதனோடு சேரக் கூடாது? நீங்கள் சொல்ல வேண்டியவையும் உண்டு: வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்து முன்பு ஒவ்வாமல் போனது, கருவுற்றிருக்கிறீர்களா, குடிப்பழக்கம் உண்டா. மறைக்க வேண்டாம். மெட்ரோனிடசோல் போன்ற மாத்திரையோடு மது சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரும். இரும்புச் சத்து மாத்திரையோடு தேநீர் சேர்ந்தால் சத்து உடம்பிலே சேராது. மருந்தை அட்டையோடு வாங்குங்கள், பில்லோடு வாங்குங்கள், கெடு நாள் பார்த்து வாங்குங்கள். வெயில் படாத இடத்திலே, குழந்தை கைக்கு எட்டாத உயரத்திலே வையுங்கள்.

இது கேள்வி கேட்டு வளர்ந்த மண்! குற்றப் பரம்பரைச் சட்டம் கைரேகை கேட்டபோது, "எதற்கு வைக்க வேண்டும்?" என்று கேட்டவர்கள் இவ்வட்டாரத்து மக்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரிலே துப்பாக்கிக்கு எதிரே நின்றார்கள். மாயக்காள் உள்ளிட்டோர் உயிர் ஈந்தார்கள். வெள்ளையன் நீட்டிய காகிதத்திலே விரலை வைக்க மறுத்தவர் பேரப் பிள்ளைகள், கடைக்காரர் நீட்டும் காகிதத்தைக் கேள்வி கேளாமல் வாங்கலாமா?

படிப்பகத்திலே அமரும் தோழரே, தேநீர்க் கடையிலே ஏடு படிக்கும் தோழரே, உமக்கு ஒரு வேலை தருகிறோம். இன்று மாலை வீட்டுக்குப் போனதும், அம்மாவின் முந்தானையிலே முடிந்திருக்கும் பொட்டலத்தை வாங்கிப் பாரும். பெயர் தெரியாத மாத்திரை இருந்தால், அம்மாவையும் அதையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும். நஞ்சைக் குடித்தவரே கேட்டுவிட்டுக் குடித்தார். மருந்தைத் தின்கிற நாம் கேட்க மாட்டோமா?