உடம்புக்குள் ஓயாத கட்டுமானம்

ஆய்வகத்தில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்துப் பழகியதால், நமக்குள் இருப்பதும் அப்படி ஒரு காய்ந்த சட்டம்தான் என்று எண்ணிவிடுகிறோம். உயிருள்ள எலும்பில் ரத்தம் ஓடுகிறது, நரம்பு உண்டு, வலி தெரியும். பெரியவர்களின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் கரைந்து புதிதாகிறது.

கரைப்பது ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல். எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலம் சுரந்து தாதுவைக் கரைக்கும். கொலாஜன் புரதத்தை நொதியால் அறுக்கும். அது தோண்டிய குழிக்கு ஆஸ்டியோபிளாஸ்ட்கள் வந்து புதுக் கொலாஜன் பின்னி, கால்சியமும் பாஸ்பேட்டும் படியவைக்கும். தோண்டச் சில வாரம் போதும். நிரப்ப மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மாதவிடாய் நின்றதும், தோண்டும் செல்களை அடக்கிவைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. நிரப்பும் வேலை பின்தங்குகிறது. வலி எதுவும் இருக்காது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும்போதுதான் பல பெண்களுக்கு விஷயமே தெரியவருகிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது மூன்றாவது வகை. கட்டிக்கொண்டிருக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட்களில் சில, கட்டியதற்குள்ளேயே புதைந்து ஆஸ்டியோசைட் ஆகிவிடுகின்றன. எலும்புச் செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இவைதான். மெல்லிய இழைகளால் ஒன்றையொன்று தொட்டபடி பல பத்தாண்டுகள்கூட வாழும். நாம் நடக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. உள்ளிருக்கும் திரவம் அசைகிறது. அந்த அசைவை உணர்ந்து, எங்கே கட்டுவது, எங்கே இடிப்பது என்று இவை தகவல் அனுப்புகின்றன. சுமை குறைந்தால் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரந்து கட்டுமானத்தைத் தடுத்துவிடும். விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைவது இப்படித்தான். விண்வெளி நிலையத்தில் அவர்கள் தினமும் சுமார் இரண்டு மணி நேரத்தை உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். டென்னிஸ் வீரர்களுக்கோ மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறுகையைவிடத் தடித்திருக்கும். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரோமோசோசுமாப் என்ற மருந்து முடக்குவதும் இந்த ஸ்கிளிரோஸ்டினைத்தான்.

கால்சியம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் அளவு குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும் என்பதால், பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பைக் கரைத்தாவது ஈடுகட்டிவிடும். கேழ்வரகு, தயிர், முள்ளோடு மெல்லும் நெத்திலி எல்லாம் நல்லவை. குடல் அவற்றின் கால்சியத்தை உறிஞ்ச வைட்டமின் டி தேவை, அதற்கு வெயில் படவேண்டும்.

ஆனால் பாலைக் குடி என்று வற்புறுத்தும் வீடுகளில், போய் விளையாடு என்று பெண்பிள்ளைகளிடம் சொல்வது குறைவு. வாழ்நாளுக்கான எலும்பில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதிலும் பருவமடையும் ஆண்டுகளில்தான் வேகம் மிக அதிகம். சரியாக அந்த நேரத்தில், வயதுக்கு வந்த பெண் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது என்று உட்காரவைப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. கோகோவும் கபடியும் ஸ்கிப்பிங்கும் அவளுக்கு அப்போதுதான் மிகவும் தேவை.