எரிச்சல் அடங்கிய பிறகு

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவும் இருளர்கள், ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு ஆழமில்லாத நீரில் தவழ்ந்து போவார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள். மூச்செல்லாம் மூக்கு வழியாகத்தான். காற்றில் எது கலந்திருந்தாலும் அதுவும் உள்ளே போகும்.

ஏரியின் தென்கோடி பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்தோடு சேர்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போனார்கள். பின்னிரவில் ஆலையருகே அளந்தபோதும் காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது, வரம்பு 400. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரிய ஆறுதல்.

அமோனியாவுக்கு ஈரம் என்றால் போதும். கண், மூக்கு, தொண்டை என ஈரமுள்ள இடத்திலெல்லாம் கரைந்து காரமாகிவிடும். சோப்புக் காய்ச்சும்போது காரம் எண்ணெயை என்ன செய்கிறதோ, அதையே செல் சவ்வின் கொழுப்புக்கும் செய்யும். அளவு மிகுந்தால் நுரையீரலின் காற்று நுண்ணறைகள்வரை இறங்கும். அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர், ஒரு மைக்ரானைவிட மெல்லியது.

இனி நடப்பதில் வாயுவுக்குப் பங்கு குறைவு. உடம்பே செய்துகொள்வதுதான் அதிகம். வெடித்துச் செத்த செல்களிலிருந்து உள்ளே இருக்கவேண்டிய பொருள்கள் வெளியே சிந்துகின்றன. நுண்ணறையில் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்கு அதுவே அபாயச் செய்தி. அவற்றுக்குள் என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டு திரள்கிறது. அது காஸ்பேஸ்-1 என்ற நொதியை முடுக்குகிறது. அந்த நொதி காஸ்டெர்மின்-டி புரதத்தை இரண்டாக வெட்டுகிறது. வெட்டுண்ட ஒரு துண்டு செல்லின் சவ்வில் போய் வளையமாகக் கூடி ஓட்டை போடுகிறது. ஓட்டை வழியே இன்டர்லூகின்-1பீட்டா வெளியேறி அழற்சியைப் பரப்புகிறது, செல் ஊதி வெடிக்கிறது. பைராப்டோசிஸ் என்று இதற்குப் பெயர். பைரோ என்றால் கிரேக்கத்தில் நெருப்பு. ஓட்டை போடுவது காஸ்டெர்மின்தான் என்பது 2015-க்குப் பிறகே தெளிவானது.

செல் அமைதியாகவும் சாகலாம். அப்போப்டோசிஸில் அது தன்னைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ளும். பக்கத்துச் செல்கள் சத்தமின்றி விழுங்கிவிடும். எதுவும் சிந்தாது. ஒரு செல் எப்படிச் சாகிறது என்பதில் பக்கத்துச் செல்களின் உயிரும் அடங்கியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பைராப்டோசிஸ் கிளப்பிய அழற்சியின் அழைப்பு கேட்டு ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வருகின்றன. அவை கக்கும் நொதிகள் கிருமியை அழிப்பதற்கானவை. கிருமியே இல்லாத இடத்தில் அந்த மெல்லிய சுவரை அரிக்கின்றன. ரத்தத்தின் நீரும் புரதமும் நுண்ணறைக்குள் கசிகின்றன. கரையில் இருக்கும் மனிதர் உள்ளுக்குள் மூழ்குகிறார்.

இந்தத் தொடரை நிறுத்தும் உறுதியான மருந்து இன்னும் இல்லை. நுரையீரல் இப்படிப் பழுதானவர்களிடம் நடத்தி 2000-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சிலும் தரும் காற்றை எடைக் கணக்கில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டராகக் குறைத்ததிலேயே இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமானது. மருத்துவர்கள் அவகாசம் வாங்கித் தருகிறார்கள். அந்த அவகாசத்தில் இரண்டாம் வகை நுண்ணறைச் செல்கள் பெருகிச் சுவரை மறுபடி எழுப்புகின்றன.

அமோனியாவை நிறைய சுவாசித்தவருக்கு நுரையீரலில் நீர் கோக்கச் சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். கண் எரிச்சல் நின்றுவிட்டதே என்று விடிகாலையில் வலையை எடுத்துக்கொண்டு படகேறிவிடக் கூடாது. மூச்சு இரைக்கிறதா, இருமலில் நுரை வருகிறதா என்று மருத்துவமனையில் இருந்தே பார்க்க வேண்டும்.