அகிதாவின் வேளாண் பள்ளி

ஜப்பானில் ஆகஸ்ட் மாதம் என்றாலே பள்ளி பேஸ்பால்தான். ஒசாகா அருகே உள்ள கோஷியென் மைதானத்தில் நடக்கும் அந்தப் போட்டியை நாடே பார்க்கும்.

2018-இல் 100-ஆவது போட்டி. வடக்கே அகிதா மாநிலத்திலிருந்து வந்தது கனாஷி வேளாண் பள்ளி. பெரிய தனியார் பள்ளிகள் பல ஊர்களிலிருந்து வீரர்களைத் திரட்டும். இங்கே அத்தனை பேரும் உள்ளூர்ப் பிள்ளைகள். இறுதிக்கு முந்தைய ஐந்து ஆட்டங்களிலும் பந்துவீச்சாளர் கோசெய் யொஷிதா ஒருவரே முழுதாகப் பந்து வீசினார். காலிறுதியின் கடைசிச் சுற்றில் ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். பந்தை மெல்லத் தட்டிவிட்ட ஒரே அடியில் இருவர் ஓடிச் சேர, வெற்றி! என்ன துணிச்சல்!

1915-க்குப் பிறகு, 103 ஆண்டுகள் கழித்து, அகிதா அணி ஒன்று இறுதியாட்டத்தில் நின்றது. பயணச் செலவுக்கு முன்னாள் மாணவர்களும் ஊர்மக்களும் நன்கொடை அனுப்பினார்கள். இறுதியில் ஒசாகா தோயின் பள்ளி 13-2 என்று வென்றது. ஆனாலும் அந்தக் கோடையில் ஜப்பான் மனம் கொடுத்தது கனாஷிக்குத்தான்.

2024-இல் யொஷிதாவின் தம்பி பந்து வீச, அதே பள்ளி மீண்டும் கோஷியெனில் ஆடியது.