4 கால் விரல் போச்சு! பனிமலையை விடவில்லை 'காளை' கர்னல்

கால் விரல் நாலு கிடையாது. ஆனாலும் இமயமலையில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். இன்று உலகத்திலேயே உயரமான போர்க்களத்தில் ஒரு ராணுவ முகாமுக்கு அவர் பெயர்தான்.

அவர் கர்னல் நரேந்திர குமார். பட்டாளத்தில் 'புல்' குமார் என்றால்தான் தெரியும். நம்ம ஊர் புல் இல்லை. இங்கிலீஷ் 'புல்'. அதாவது, காளை!

1933-ல் ராவல்பிண்டியில் பிறந்தவர். ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் முதல் குத்துச்சண்டை. எதிரே நின்றவர் பின்னாளில் தரைப்படைத் தளபதியான ரோட்ரிக்ஸ். குமாருக்குத் தோல்விதான். ஆனால் விழ விழ எழுந்து முட்டினார். பெயர் ஒட்டிக்கொண்டது.

700 அடியில் திரும்பினார்

1960. எவரெஸ்டுக்கு இந்தியா அனுப்பிய முதல் குழு. குமாரும் இன்னும் இரண்டு பேரும் 28,300 அடி வரை போய்விட்டார்கள். இன்னும் 700 அடிதான் பாக்கி. புயல் விடவில்லை. திரும்பினார்கள்.

ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலைப் பக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சேதி. அரியலூர் வட்டாரச் சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல்லோடு கடல் சிப்பியும் வருகிறதே, எவரெஸ்ட் உச்சியிலும் அதே சுண்ணாம்புக்கல் ஜாதிதான். அங்கேயும் கடல் பிராணிகளின் தடயம் உண்டு!

மறு வருஷம் நீலகண்ட மலை. பனி கடித்து நாலு விரல் போயிற்று. வேறு ஆளாக இருந்தால் மெடலை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இவர் 1964-ல் நந்தாதேவிக் குழுவுக்குத் தலைவர். 1965-ல் 9 பேரை எவரெஸ்ட் உச்சியில் ஏற்றிய குழுவுக்குத் துணைத் தலைவர். 1977-ல், ஜெர்மன்காரர்கள் 1929-லும் 1931-லும் முயன்று தோற்ற வடகிழக்கு வழியாக, கஞ்சன்ஜங்கா மீது தன் ஆட்களை ஏற்றினார். அதில் ஒரு ஹவில்தார் உயிர் போயிற்று.

பத்மஸ்ரீ, அர்ஜுனா விருது, கீர்த்தி சக்ரா எல்லாம் வாங்கியிருக்கிறார். ஆனால் பெரிய காரியம் இனிமேல்தான்.

வரைபடத்தில் ஒரு கோடு

1977-ல் சிந்து நதியில் படகு விட வந்த ஒரு ஜெர்மன்காரர் குமாரிடம் வரைபடம் ஒன்றைக் காட்டினார். அமெரிக்கா அச்சிட்டது. பார்த்ததும் குமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காஷ்மீர் எல்லைக் கோடு ஒரு புள்ளியோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் வெறும் பனி என்று இரு நாடும் கோடு போடாமல் விட்டிருந்தன. இந்தப் படத்திலோ கோடு காரகோரம் கணவாய் வரை இழுக்கப்பட்டிருந்தது. சியாச்சின் பனியாறு முழுக்க பாகிஸ்தான் பக்கம்!

படத்தோடு நேரே டில்லிக்கு ஓடினார். ராணுவ நடவடிக்கை இயக்குநர் சிப்பரிடம் நீட்டினார். அனுமதி கிடைத்தது.

1978-ல் சியாச்சினில் கால் வைத்தார். அப்போது குல்மார்க் மலைப்போர்ப் பள்ளிக்கு அவர்தான் தலைவர். பனியில் கிடந்தது என்ன? காலி டின்கள், சிகரெட் பெட்டிகள், ஜப்பானிய லேபிள்கள்! பாகிஸ்தான் அனுமதியோடு வெளிநாட்டு மலையேறிகள் வந்து போன அடையாளம். துப்பறியும் கதையில் வருவது போல, குப்பையே சாட்சி சொன்னது.

1981-ல் மறுபடி போனார். பனியாற்றின் நீளம் சுமார் 76 கிலோ மீட்டர். அரியலூர்-திருச்சி தூரத்துக்கும் கூட. அடி முதல் தலை வரை நடந்து படம் எடுத்தார், குறிப்பு எழுதினார். நாலு விரல் இல்லாத காலோடு!

அந்தப் படங்களும் குறிப்புகளும் பிறகு உதவின. 1984 ஏப்ரல் 13-ந் தேதி, பாகிஸ்தான் படை வருமுன்னே, நம் ஜவான்கள் ஹெலிகாப்டரில் அங்கே இறங்கினார்கள். முதலில் இறங்கியவர்கள் குமாரின் சொந்தப் படையான குமாவோன் ரெஜிமென்ட்காரர்கள்.

தமிழக ஜவான்கள் 4 பேர்

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி வரை இறங்கும் இடம். குண்டை விடக் குளிரும் பனிச்சரிவுமே அங்கே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. 2003 நவம்பரில் சுடுவது நின்றது. சாவு நிற்கவில்லை. 2016 பிப்ரவரி 3-ந் தேதி 19,600 அடி உயரக் காவல் சாவடி மீது பனி சரிந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் சாவடியில் 10 பேர் பலி. அதில் 4 பேர் தமிழ்நாட்டு ஜவான்கள். வேலூர் ஜில்லா 1, தேனி 1, மதுரை 1, கிருஷ்ணகிரி 1.

குமார் 2020 டிசம்பர் 31-ந் தேதி டில்லியில் காலமானார். வயது 87. சியாச்சினுக்குப் போகும் ஜவான்கள் இன்றும் 'குமார் முகாம்' வழியாகத்தான் மேலே ஏறுகிறார்கள்.